ஆர் இதிலை கை வைச்சது?

எந்தத் திருத்த வேலைக்காரரிடம் போனாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: “ஆர் இதிலை கை வைச்சது?” மோட்டாரைத் திறக்கிறவர் கேட்பார். பல்லைப் பார்க்கிற டொக்டர் கேட்பார். வேறு யாரோ கட்டிய கிணற்றை எட்டிப் பார்க்கிற மேசனும் கேட்பார். கேட்கும்போது முகத்தில் ஒரு வேதனை வரும். தன்னைத் தவிர இந்த நாட்டில் ஒருத்தருக்கும் வேலை தெரியாது என்கிற வேதனை அது. நானும் கேட்டுத் திரிந்தவள்தான். குடும்பநல உத்தியோகத்தர் என்பது கடதாசியில் உள்ள என் பெயர். கர்ப்பிணித் தாய்மாரையும் பச்சைப் பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. ஊருக்கு நான் மிசி. பிள்ளையின் தொப்புளில் யாராவது எதையாவது பூசியிருந்தால் நான் அந்தக் கேள்வியைக் கேட்கிற தொனியில் வீட்டு மாமியார் அடுப்பைப் பார்க்க மெதுவாகக் குசினிக்குள் போய்விடுவார்.

அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஒரு ஆளை நான் கண்டிருக்கிறேன். நான் வட்டக்கச்சிப் பக்கம் வேலை செய்த காலத்தில் வாய்க்கால் கரையில் கராஜ் வைத்திருந்த ஒரு அக்கா.

கராஜ் என்றால் நாலு மரத்தூண், மேலே தகரம், கீழே உரப்பை விரித்த மண் தரை. முன்னுக்குத் தொங்கிய ஒரு தகரத் துண்டில் வெள்ளைப் பெயின்றால் ‘திருத்தப்படும்’ என்று எழுதியிருந்தது. எது திருத்தப்படும், யாரால் திருத்தப்படும் என்று ஒன்றும் இல்லை. ஒருநாள் கேட்டேன். கிடைத்த தகரத்தில் அவ்வளவுக்குத்தான் இடம் இருந்தது என்றார்.

அக்காவுக்கு ஐம்பது வயது வரும். மெலிந்த ஆள். பூப்போட்ட சட்டைக்கு மேலே ஆண்களின் நீளக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார். இறுக்கிக் கட்டிய கொண்டையில் மற்றப் பெண்கள் பூ வைக்கிற இடத்தில் ஒரு சின்ன ஸ்குரூ டிறைவர் செருகியிருக்கும். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அந்த இரண்டையும் நீட்டிக்கொண்டு மற்ற மூன்றாலும் அவர் நட்டுக் கழற்றுகிற வேகம், பத்து விரலும் மடங்குகிறவர்களிடம் இல்லை. இந்த வேலையை எங்கே பழகினீர்கள் என்று ஒருத்தரும் அவரைக் கேட்பதில்லை. சண்டை முடிந்த வன்னியில் சில கேள்விகளை நாங்கள் சுற்றுப்பாதையால் கடந்து போய்விடுவோம்.

என் ஸ்கூட்டர் அண்ணா வெளிநாடு போகும்போது எனக்குத் தந்துவிட்டுப் போனது. கியர் இல்லாத, சின்ன, பழைய டூ ஸ்ட்ரோக். பெற்றோலோடு ஒயிலையும் கலந்து குடித்து, பின்னால் நீலப் புகை விட்டுக்கொண்டு போகும். அதன் சத்தம் எனக்கு முன்னமே வீடுகளுக்குப் போகிற ஒழுங்கைக்குள் வந்துவிடும். தாய்மாருக்கு அது வசதி. சத்தம் கேட்டதும் இரும்புச்சத்துக் குளிசைப் பெட்டியைத் தேடி எடுத்து மேசையில் வைக்க நேரம் கிடைக்கும்.

அந்த ஸ்கூட்டர் ஏற்றம் கண்ட இடமெல்லாம் நிற்கத் தொடங்கியது. கிளிநொச்சி ரவுணில் ஒருவரிடம் காட்டினேன். வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு, பிஸ்டனைச் சுற்றி இருக்கிற ரிங்கை மாற்றினார். பரந்தனில் இன்னொருவரிடம் காட்டினேன். ரவுண்காரர் ரிங் போட்ட விதத்தைப் பார்த்து அவர் தலையில் கை வைத்தார். பிறகு ஒருநாள் அது அக்காவின் கராஜுக்கு முன்னால் தானாகவே நின்றது. அது செய்த ஒரே ஒரு நல்ல காரியம் அதுதான்.

அக்கா எஞ்சினின் தலையைத் திறந்து, சிலிண்டரைக் கழற்றி, என் விரலைப் பிடித்து உள்ளே விட்டார். உள்சுவரில் நகத்தில் தட்டுகிற அளவுக்குக் கீறல்கள். இப்படிக் கீறின சிலிண்டருக்குள் புது ரிங் போட்டு என்ன பயன் என்று எனக்கே விளங்கியது. ஆரிலை பிழை, ரவுண் ஆளிலையோ பரந்தன் ஆளிலையோ என்று ஆவலோடு கேட்டேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“அண்டைக்கு அவருக்கு ரிங் மட்டும்தான் கிடைச்சிருக்கும் மிசி.”

எனக்கு இது பெரிய ஏமாற்றம். இரண்டு பேரையும் திட்டித் தீர்க்கத் தயாராக நின்றவள் நான். விடாமல் ஏன் நீங்கள் மட்டும் கேட்பதில்லை என்று குடைந்தேன். சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு ஒரு பதில் சொன்னார்.

“இந்த ஊரிலை ஆர் பிழை எண்டு கேக்கத் தொடங்கினா விடியாது மிசி. ஸ்கூட்டரிலையாவது கேக்காமல் விடுவம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அவர் எதைச் சொன்னார் என்று விளங்கியதும் எனக்கு அந்தச் சிரிப்பு நின்றது.

ஸ்கூட்டரைச் செய்த கம்பனி அந்தச் சாமானை விட்டு வருசக்கணக்காகிவிட்டது. வேறு யாரோ அளவு பார்த்துச் செய்த சிலிண்டர் செற் ஒன்று வவுனியாவில் ஒரு கடையில் கிடந்தது. கடைக்காரர் அதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட, நான் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் போய் நின்று வாங்கினேன். பெட்டியில் கழுகுப் படம். உள்ளே ஒயில் பேப்பரில் சுற்றிய சிலிண்டர், பிஸ்டன், ரிங் இரண்டு, சில்லறைச் சாமான்கள். பளபளவென்று இருந்தது. கழற்றிப் பூட்டினால் சரி, ஒரு மணித்தியாலத்தில் போகலாம் என்று நினைத்தேன்.

அக்கா பூட்டவில்லை. சிலிண்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் காற்று வரவும் புகை போகவும் ஓட்டைகள் இருக்கும். அவற்றின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, மூன்று விரலால் ஒரு சின்ன உருண்டை அரத்தைப் பிடித்து ராவத் தொடங்கினார். கம்பனிக்காரன் விளிம்பை மழித்து அனுப்புவான், இவன் மழிக்காமல் விட்டிருக்கிறான், இந்தக் கூரில் ரிங் மாட்டினால் உடையும் என்பது அவர் விளக்கம். காலை பத்து மணிக்குத் தொடங்கியது மத்தியானம் தாண்டியும் போனது. ராவுவார், தடவுவார், மறுபடி ராவுவார். பொறுக்க முடியாமல், பெட்டியில் வந்த சாமான்தானே, அப்படியே போட்டால் என்ன என்றேன்.

“போடலாம். ஓடும். ஆறு மாதத்திலை ரிங் உடைஞ்சு திரும்பி வருவீங்கள். அப்ப பிழை என்னிலை.”

இந்த ‘பிழை என்னிலை’ என்பதுதான் அக்கா. ஊரில் அவருக்கு இருந்த பெயரும் அதுதான். வணக்கம் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்வார். ஒருவர் தண்ணீர் இறைக்கிற மெஷின் ஸ்ராட் வரவில்லை என்று சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அக்கா மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. “பெற்றோல் ஊத்த வேணும் எண்டு போன முறை சொல்லாமல் விட்டிட்டன். பிழை என்னிலை” என்றார். பகிடியா உண்மையா என்று அந்த மனுசனுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அக்காவின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. ரவுணில் இதை வைத்து ஒரு கதை உலாவியது: அவவிடம் போனால் எஞ்சினின் பிழையையும் எடுப்பா, மழை பெய்யாவிட்டால் அதையும் எடுப்பா என்று.

அன்று பின்னேரம் பிஸ்டன் பூட்டியபோதும் அது வந்தது. பிஸ்டனுக்குள் போகிற ஊசி கழன்று வராமல் இரண்டு பக்கமும் ஒரு சின்னக் கம்பி வளையம் போட வேண்டும். கிளிப் என்பார்கள். சின்னி விரல் நகமளவுதான். அது தவறி எஞ்சினுக்குள் விழுந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்று அக்கா எஞ்சின் வாயைப் பழைய வேட்டித் துண்டால் அடைத்தார். முதல் கிளிப் போய் இருந்தது. இரண்டாவது டிக்கென்று ஒரு சத்தத்தோடு பறந்தது. அது எங்கேயோ விழ முதலே அக்கா சொல்லிவிட்டார்: “பிழை என்னிலை. எஞ்சினுக்குத் துணி அடைச்சனான், கைக்கு மறைப்புப் பிடிக்கேல்லை.”

பிறகு தேடுதல். அக்கா நைலோன் நூலில் கட்டிய ஒரு காந்தத்தை எடுத்து மண்ணில் இழுத்துக்கொண்டு போனார். காந்தத்தில் ஆணி வந்தது, சைக்கிள் குண்டு வந்தது, வாஷர் வந்தது. கூர்க்கூராகக் கறள் பிடித்த இரும்புத் துண்டுகளும் வந்தன. அவற்றை மட்டும் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கி ஒரு பால்மாப் பேணிக்குள் போட்டார். பேணியில் ஏற்கெனவே அரைவாசி இருந்தது. சண்டை அந்த மண்ணில் விட்டுப்போனவை அவை. கிளிப் மட்டும் வரவில்லை.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு முகம் துடைக்க என் பையில் இருந்து கைலேஞ்சியை எடுத்தபோது அதைக் கண்டேன். பிள்ளைகளை நிறுக்கிற தராசுத் துணியின் மடிப்புக்குள் கிளிப் படுத்துக் கிடந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு முகம் மாறாமல் கேட்டார்.

“பிறந்த நிறை எவ்வளவு மிசி?”

நான் தராசைத் தூணில் கொழுவி, துணியோடு தொங்கவிட்டுப் பார்த்தேன். ஊசி அசையவில்லை. நிறை குறைந்த பிள்ளை, கிளினிக்குக் கொண்டு வாருங்கள் என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் கொண்டையில் இருந்த ஸ்குரூ டிறைவர் விழுந்தது.

எஞ்சின் வேலை செய்யத் தொடங்கியதும் அக்கா எனக்குச் சட்டம் சொன்னார். எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. தாய் வெளியில் திரிவதில்லை, பாரம் தூக்குவதில்லை, பத்தியச் சாப்பாடு. முப்பத்தோராம் நாள் வீடு கழுவி மஞ்சள் தண்ணி தெளித்துத் துடக்குக் கழிப்பார்கள். நான் வீடு வீடாகக் காக்கிற அந்தக் கணக்கை அக்கா என் ஸ்கூட்டருக்குப் போட்டார்.

“முப்பத்தொண்டு கழியும் மட்டும் முப்பதுக்கு மேலை ஓடக்கூடாது மிசி. ஆள் ஏத்தக்கூடாது. கொஞ்சத் தூரம் ஓடினா நிழலிலை விட்டு ஆற விடுங்கோ.”

பத்தியமும் உண்டோ என்று கேட்டேன். பெற்றோலில் கொஞ்சம் கூடுதலாக ஒயில், அதுதான் பத்தியம் என்றார். ஏன் முப்பது, ஏன் நிழல் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் தாய்மார் என்னிடம் ஆட்டுகிற அதே ஆட்டுத்தான்.

முப்பதில் போவது என்றால் என்னவென்று போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் என்னைக் கடந்து போய்த் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நாய் கொஞ்சத் தூரம் என்னோடு கூடவே வந்து, சலித்துப்போய் நின்றுவிட்டது. மிசி நடந்து வந்திருந்தால் நேரத்துக்கு வந்திருக்கலாம் என்று ஒரு வீட்டில் சொன்னார்கள்.

இதற்கிடையில் அக்காவுக்கு ஒரு பெரிய வேலை வருகிற மாதிரி இருந்தது. வாய்க்கால் பக்கத்துக் கமக்கார அமைப்பிடம் வயலுக்கு மருந்தடிக்கிற மெஷின்கள் பதினாலு இருந்தன. அவையும் டூ ஸ்ட்ரோக்தான். வருசா வருசம் காலபோக நெல் விதைப்புக்கு முதல் ரவுணுக்குக் கொண்டுபோய்த் திருத்துவார்கள். இந்த முறை அக்காவிடமே கொடுக்கலாம் என்று ஒரு கதை எழும்பியிருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு. அக்கா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் கராஜின் குறுக்கு மரத்தில் வரிசையாகப் பதினாலு ஆணி அறைந்து வைத்திருந்தார். மெஷின்களைத் தொங்கவிட. நான் எண்ணிப் பார்த்தேன், சரியாகப் பதினாலு.

அந்தக் கிழமை புதன்கிழமை, ஸ்கூட்டருக்குப் பத்தொன்பதாம் நாள். வாய்க்கால் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறேன். பின்னால் ஒரு லாண்ட்மாஸ்டர் வருகிற சத்தம். இரண்டு சக்கர உழவு மெஷினும் பின்னால் பெட்டியும். பெட்டி நிறைய வைக்கோல். ஓட்டி வந்தவர் மூன்று பிள்ளைகளின் தகப்பன். மூன்றையும் நிறுத்துப் பதிந்தது நான்தான். அந்த மரியாதையோடுதான் பக்கத்தில் வந்து கேட்டார்.

“மிசி, பின்னாலை கட்டி இழுக்கட்டோ?”

லாண்ட்மாஸ்டர் என்னை முந்திக்கொண்டு போனது. வைக்கோல் தூசு என் மூக்கில் ஏறியது. அதோடு என் புத்தி கழன்றது. அவசரமும் இல்லை, எந்தத் தாயும் வலியெடுத்துக் கிடக்கவும் இல்லை. சும்மா ரோசம். முறுக்கினேன். நாற்பது, ஐம்பது. லாண்ட்மாஸ்டரைக் கடக்கும்போது கையும் காட்டினேன். எதிரே ரோடு நேராக, வெறுமையாகக் கிடந்தது. விடவில்லை, இன்னும் முறுக்கினேன். அம்மன் கோவில் தாண்டியதும் எஞ்சின் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு இறுகியது. பின் சில்லு இழுபட்டு, நான் வாய்க்கால் கரைப் புல்லில் போய் இருந்தேன். அடி ஒன்றும் இல்லை. லாண்ட்மாஸ்டர் ஆறுதலாக வந்து பக்கத்தில் நின்றது.

வைக்கோலுக்கு மேலே ஸ்கூட்டரும், ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நானுமாக அக்காவின் கராஜில் போய் இறங்கினோம். அங்கே மூன்று பேர் வேலைக்கு நின்றார்கள். அக்கா ஸ்கூட்டரைப் பார்த்தார், என் சீருடையில் இருந்த வைக்கோலைப் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத ஆள்தானே. நானாகவே சொன்னேன்.

“முப்பதிலைதான் வந்தனான் அக்கா. திடீரெண்டு நிண்டிட்டுது.”

லாண்ட்மாஸ்டர்க்காரர் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனைச் சுற்றித் திருப்பிப் பார்த்தார். நாலு பக்கமும் வெள்ளையாகத் தேய்ந்து கீறியிருந்தது. பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார்: “பிழை என்னிலை மிசி. விட்டிட்டுப் போங்கோ, பாக்கிறன்.” நான் மேலே பார்த்தேன். பதினாலு ஆணியும் அப்படியே வெறுமையாக இருந்தன.

ஊருக்கு வேறு என்ன வேண்டும். அடுத்த நாள் கிளினிக்கில் ஒரு தாய், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, அந்த அக்கா டூப்ளிகேற் செற்றைப் பிழையாகப் போட்டு உங்களை விழுத்திப் போட்டாவாமே என்றாள். அவளுடைய புருசன் கமக்கார அமைப்பின் கொமிற்றியில் இருக்கிறார். மெஷின்கள் பதினாலும் இந்த முறையும் ரவுணுக்குத்தானாம், நேற்றே கதைத்து விட்டார்களாம். நான் பேச்சை மாற்ற, குளிசை ஒழுங்காகப் போடுகிறாயோ என்று கேட்டேன்.

“ஓம் மிசி. ஒரு நாளும் விடேல்லை.”

கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தேன். உள்ளே இரத்தமில்லாமல் வெள்ளை வெளேர். ஒரு குளிசையும் போடவில்லை. வேறு நாளாக இருந்தால் அவளை ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்று கிளினிக் அட்டையில் எழுதி அவளை அனுப்பிவிட்டேன். ஒரு பொய்யை நான் இமையைத் தாழ்த்திக் கண்டுபிடிக்கிறேன் என்றால், பிஸ்டனைத் திருப்பிப் பார்த்த அக்கா எதைக் கண்டுபிடித்திருப்பார் என்ற யோசனை வந்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. அக்காவின் ஆணிகளை நினைக்க அழுகையும் வந்தது.

வெள்ளிக்கிழமைப் பின்னேரம் கூட்டத்துக்குப் போனேன். டெங்கு பற்றிச் சொல்ல ஐந்து நிமிடம் முன்னமே கேட்டு வைத்திருந்தேன். நாற்பது ஐம்பது பேர் கதிரைகளிலும் சுவரோரமுமாக இருந்தார்கள். அக்கா வரவில்லை. தலைவர் ஐயா பேசிக்கொண்டிருந்தார். அவ நல்ல மனுசிதான், ஆனால் செற்றைப் பிழையாகப் போட்டதென்று தானே ஒத்துக்கொண்டுவிட்டா, பிறகு பதினாலு மெஷினை எப்படிக் கொடுப்பது என்பது அவருடைய கவலை. அதுவும் நியாயம்தான். என் முறை வந்ததும் எழும்பினேன்.

“டெங்குக்கு முதல் ஒரு கதை சொல்ல வேணும். அக்காவிலை பிழை இல்லை. செற் நல்லாத்தான் பூட்டினவா. முப்பதுக்கு மேலை ஓடாதேங்கோ எண்டும் சொன்னவா. நான் லாண்ட்மாஸ்டரோடை ஓட்டப் போட்டி வைச்சு அறுபதிலை ஓடினனான். பிறகு அவவிட்டைப் பொய் சொன்னனான். பிழை என்னிலை.”

அப்போது பின்னால் இருந்து லாண்ட்மாஸ்டர்க்காரர், மிசி சொல்வது சரிதான், தன்னைக் கடக்கும்போது கையும் காட்டினவா என்று சாட்சி சொன்னார். யாரோ சிரித்தார்கள். சுவரோரம் இருந்த ஒரு வயதானவர், என்னிடம் தன் பேத்தி வாங்குகிற பேச்சையெல்லாம் கேட்டிருப்பவர், ஆறுதலாகச் சொன்னார்.

“அப்ப மிசியும் குளிசை போடாத ஆள்தான்.”

அதற்குப் பிறகு டெங்கு பற்றி ஒருத்தரும் கேட்கிற நிலையில் இல்லை. சிரித்து முடித்துத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெஷின்கள் அக்காவுக்கே என்றார். எதிர்த்து ஒரு கை எழும்பவில்லை.

மறுநாள் காலையில் கராஜுக்குப் போனேன். கதை எனக்கு முதலே வந்து சேர்ந்திருந்தது. அக்கா எமரி பேப்பரால் சிலிண்டரின் உள்சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் தப்பிவிட்டது, பிஸ்டனும் ரிங்கும்தான் புதிதாக வேண்டும், வவுனியா பஸ்ஸில் வருகிறது என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்காத மாதிரித் தொடர்ந்து தேய்த்தார். நான் பொய் சொன்னது அன்றைக்கே தெரியுமோ என்று கேட்டேன். பிஸ்டனைக் கண்டதுமே தெரியும் என்றார். புது எஞ்சினைப் பிடித்து முறுக்கினால் பிஸ்டன் சூட்டில் வீங்கி நாலு பக்கமும் கீறும். முப்பதில் ஓடினதுக்கு அப்படிக் கீறாது. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

“பிறகேன் அக்கா உங்கடை பிழை எண்டனீங்கள்? வேலையும் போகப் பாத்தது.”

அக்கா தேய்ப்பதை நிறுத்தினார்.

“முப்பதிலை ஓடுங்கோ எண்டு சொன்னனான். ஏன் எண்டு சொல்லேல்லை. சொல்லியிருந்தா நீங்கள் முறுக்கியிருக்க மாட்டியள். அது என்ரை பிழைதானே மிசி? நான் பொய் சொல்லேல்லை.”

அவர் பகிடி விடவில்லை. அன்றுதான் எனக்கு விளங்கியது, அவர் ஒருநாளும் பகிடி விட்டதில்லை. பெற்றோல் ஊற்றாமல் மெஷின் கொண்டுவந்த மனுசனிடமும் இல்லை. எந்தப் பிழையை எடுத்தாலும் அதில் தன் பங்கு எங்கே என்று தேடி, அதை மட்டும் எடுத்துக்கொள்வார். மிச்சத்தை அது யாருடையதோ அவர்களிடமே விட்டுவிடுவார். எனக்கு என் பங்கை எடுக்க இரண்டு நாள் பிடித்தது.

கராஜிலிருந்து நேரே அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன், நடந்துதான். குளிசை போட்டாயோ என்று கேட்கவில்லை. ஏன் போட வேண்டும் என்று முற்றத்தில் இருந்து அரை மணித்தியாலம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதைப் போட்டால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருகிறது மிசி, அதுதான் செம்பரத்தை மரத்தடியில் கொட்டினேன் என்றாள். சாப்பிட்ட பிறகு போடச் சொல்ல மறந்தது நான். செம்பரத்தை நன்றாகப் பூத்திருந்தது.

புதுப் பிஸ்டன் பூட்டியபோது கிளிப் பறக்கவில்லை. அக்கா கையை மறைத்துப் பிடித்தார், நானும் பக்கத்தில் தராசுத் துணியை விரித்துப் பிடித்தேன். அன்றைக்குத்தான் முதலாம் நாள், பழைய பத்தொன்பதும் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார். லாண்ட்மாஸ்டர்க்காரர் என்னைக் கடந்த நாளெல்லாம், கட்டி இழுக்கட்டோ என்று கேட்டார். முந்திப் போங்கோ என்று கை காட்டினேன். முப்பத்தோராம் நாள் காலையில் அக்கா சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பேணியில் மஞ்சள் தண்ணி கரைத்து, மாவிலையால் ஸ்கூட்டருக்கும் தெளித்து எனக்கும் தெளித்தார். இனி விருப்பம் போல ஓடுங்கோ என்றார். அவருக்குப் பின்னால் பதினாலு ஆணியிலும் பதினாலு மெஷின் தொங்கியது.

அடுத்த வருசம் எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. வேலைக்குப் புது ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன். பழையதை விற்க மனம் வரவில்லை. சனி ஞாயிறுகளில் சந்தைக்கு அதில்தான் போவேன். போன மாதம் புகை கொஞ்சம் கூடின மாதிரி இருந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார். வாய் கொஞ்சம் கடுமை, வேலை நல்லம் என்றார்கள். கொண்டுபோனேன். சிலிண்டரைக் கழற்றினார். கரியைத் துடைத்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். விரலை உள்ளே விட்டார். பிறகு நான் இத்தனை வருசமாகக் கேட்டுப் பழகின கேள்வி வந்தது.

“ஆர் இதிலை கை வைச்சது?”

நான் அவருடைய முகத்தில் அந்த வேதனையைத் தேடினேன். அது இல்லை. விரல் வெளியே வரவே இல்லை. ஓட்டையின் விளிம்பை மெதுவாகத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பனிக்காரன்கூட இப்படி மழிக்க மாட்டான் என்றார். அந்தக் கேள்வியை அப்படியும் கேட்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“வட்டக்கச்சியிலை ஒரு அக்கா,” என்றேன். “அது முழுக்க அவவின்ரை பிழைதான்.”